ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியே அரசுப் பணம்: அமெரிக்கக் கூட்டாட்சி நிர்வாகத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு தேசியப் பூங்காவின் அறிவியல் பிரிவில் பணிபுரியும் அலுவலர் ஒருவர், தம் பூங்காவின் ஓடைகளில் தவளைகள் குறைந்துவருவதைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அருகிலுள்ள பல்கலைக்கழகத்தில் இதே கேள்வியை ஆராய விரும்பும் பேராசிரியரும் நான்கைந்து மாணவர்களும் இருக்கிறார்கள். பூங்காவின் கணக்கில் அந்த நிதியாண்டுக்குரிய பணமும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. இவ்வளவும் கூடிவந்த பிறகு, ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பணத்தை அனுப்பிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்கக் கூட்டாட்சி அரசில் அப்படிச் செய்ய இயலாது. அந்தப் பணம் சட்டப்படி பல்கலைக்கழகத்தைச் சென்றடைய வேண்டுமானால் சில கேள்விகளுக்கு ஒரு குறிப்பிட்ட வரிசையில் விடை கண்டாக வேண்டும். கூட்டாட்சி முகமை ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவருக்கும், அந்த முகமையிடம் பணம் பெறும் பல்கலைக்கழகத்திலோ தொண்டு நிறுவனத்திலோ ஆய்வு நிர்வாகப் பணிக்கு வந்திருப்பவருக்கும் அந்த வரிசையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம்மிடையே ‘கூட்டுறவு’ என்றவுடன் பால் சங்கமும் கூட்டுறவு வங்கியும் நினைவுக்கு வருவதால், இங்கே ‘ஒத்துழைப்பு ஒப்பந்தம்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். அமெரிக்க அரசு தனக்கு வெளியே உள்ள ஒருவருக்குப் பணம் கொடுக்கும் வழிகளில் மூன்று முதன்மையானவை. தனக்கு வேண்டிய பொருளையோ சேவையையோ விலைக்கு வாங்கினால் அது கொள்முதல் ஒப்பந்தம். பொதுநலன் கருதிப் பிறர் செய்யும் ஒரு பணிக்குப் பண உதவி செய்துவிட்டு, விலகி நின்று கவனித்தால் அது மானியம். அதே உதவியைச் செய்துவிட்டு, பணியிலும் தானே கணிசமாக ஈடுபட்டால் அது ஒத்துழைப்பு ஒப்பந்தம். 1978 பிப்ரவரியில் கையெழுத்தான, ‘1977ஆம் ஆண்டின் கூட்டாட்சி மானியம் மற்றும் ஒத்துழைப்பு ஒப்பந்தச் சட்டம்’ இந்தப் பாகுபாட்டை வகுத்தது. அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 31ஆம் தலைப்பில் 6301 முதல் 6308 வரையுள்ள பிரிவுகளில் அது இன்று இருக்கிறது. அதற்கு முன்பு, எதை எப்போது பயன்படுத்துவது என்பதில் முகமைக்கு முகமை வழக்கம் வேறாக இருந்தது. போட்டி ஏலத்தைத் தவிர்ப்பதற்காகவே கொள்முதலுக்கு ‘மானியம்’ என்று பெயர் சூட்டிய வழக்கமும் இருந்ததால்தான் இந்தச் சட்டம் தேவைப்பட்டது.

முதல் படி: பணம் கொடுக்க அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்

தனிமனிதர் தம் பணத்தைச் சட்டம் தடுக்காத எதற்கும் செலவிடலாம். அரசு முகமையின் நிலை இதற்கு நேர் எதிரானது. சட்டம் அனுமதித்த காரியத்துக்கு மட்டுமே அது செலவிட முடியும். சட்டம் வழி ஒதுக்கீடு செய்யப்படாமல் கருவூலத்திலிருந்து எந்தப் பணமும் எடுக்கப்படக் கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்பு, 9ஆம் பிரிவு கூறுகிறது. எனவே ‘இந்தச் செலவை யார் தடுத்தார்கள்?’ என்று கேட்பது பயனற்றது. ‘இந்தச் செலவை எந்தச் சட்டம் அனுமதித்தது?’ என்பதே கேள்வி.

புதியவர்கள் மிகுதியாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். 6305ஆம் பிரிவு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவதால், ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரத்தை அதுவே தருகிறது என்று எண்ணிக்கொண்டு, கோப்பில் அந்தப் பிரிவு எண்ணை மட்டும் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிரிவு அத்தகைய அதிகாரம் எதையும் தரவில்லை. பணம் கொடுக்க ஏற்கெனவே அதிகாரம் இருக்கும் முகமை அதை எந்த வடிவில் கொடுக்க வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அதிகாரம் வேறொரு சட்டத்திலிருந்து வர வேண்டும். அது முகமையை உருவாக்கிய சட்டமாகவோ, குறிப்பிட்ட திட்டத்துக்கான சட்டமாகவோ, ஆண்டு ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வாசகமாகவோ இருக்கலாம். நம் பூங்கா அலுவலர் 54ஆம் தலைப்பின் 101702ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும்; தேசியப் பூங்காச் சேவை கல்வி நிறுவனங்கள் போன்றவற்றோடு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொள்வதற்கான அதிகாரம் அங்கே இருக்கிறது. நோய்க் கட்டுப்பாட்டு மையம் மாநிலச் சுகாதாரத் துறைகளோடு செய்துகொள்ளும் ஒப்பந்தங்கள் பொதுச் சுகாதாரச் சேவைச் சட்டத்தில் வேர்கொண்டவை.

அந்தச் சட்டத்தை வாசிக்கும்போது சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், அதாவது ஜி.ஏ.ஓ., பல முடிவுகளில் இதைத் தெளிவாக்கியிருக்கிறது. ‘ஒத்துழைப்பு ஒப்பந்தம்’ என்ற சொற்றொடரே இல்லாத சட்டமும், பிறருக்கு உதவி வழங்கும் உறவை அனுமதிப்பதாக அமைந்திருந்தால், போதிய அதிகாரமாகலாம். மாறாக, 1978க்கு முந்தைய சட்டங்கள் ‘ஒப்பந்தம்’, ‘மானியம்’, ‘ஒத்துழைப்பு ஒப்பந்தம்’ ஆகிய சொற்களைப் பெரும்பாலும் வேறுபாடு கருதாமல் கையாண்டன. ஆகவே அந்தச் சொல் ஒரு பழைய சட்டத்தில் இருப்பதாலேயே எந்தப் பரிவர்த்தனைக்கும் அதைச் சான்றாகக் காட்டிவிட முடியாது. சட்டம் எத்தகைய உறவை அனுமதிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இதே இடத்தில் இன்னொரு பொறியும் உண்டு. 1986ஆம் ஆண்டின் கூட்டாட்சித் தொழில்நுட்ப மாற்றச் சட்டம், ‘ஒத்துழைப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு ஒப்பந்தம்’ என்ற ஒன்றை அனுமதிக்கிறது. பேச்சுவழக்கில் அதைக் ‘கிராடா’ என்பார்கள். பெயரைக் கேட்டால் நாம் பேசும் பொருளின் தம்பி போலத் தோன்றும். ஆனால் அதன்படி அரசு ஆய்வகம் தன் ஆட்களையும் கருவிகளையும் இடத்தையும் வெளித்தரப்புக்குக் கொடுக்கலாமே தவிர, ஒரு டாலர்கூடக் கொடுக்க முடியாது. பணம் கைமாற வேண்டிய இடத்தில் கிராடாவைக் கொண்டுவந்து வைத்தால் கோப்பு முதல் மேசையிலேயே திரும்பிவிடும்.

இரண்டாம் படி: எந்த ஒதுக்கீட்டிலிருந்து எடுக்கிறீர்கள் என்று பாருங்கள்

அதிகாரம் இருப்பதும் பணம் இருப்பதும் வெவ்வேறு. ஒதுக்கீடு எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்கிறது 31ஆம் தலைப்பின் 1301ஆம் பிரிவு. ஒவ்வொரு செலவையும் ஒதுக்கீட்டுச் சட்டத்தில் காங்கிரஸ் பெயர் சொல்லி எழுத முடியாது என்பதால், ஜி.ஏ.ஓ. மூன்று சோதனைகளை வைத்திருக்கிறது: செலவுக்கும் ஒதுக்கீட்டின் நோக்கத்துக்கும் தர்க்கரீதியான தொடர்பு இருக்க வேண்டும், வேறு சட்டம் அதைத் தடுத்திருக்கக் கூடாது, அதே செலவுக்கென்றே வேறொரு ஒதுக்கீடு இருக்கக் கூடாது. மூன்றாவதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு காரியத்துக்கென்றே தனி ஒதுக்கீடு இருந்து, அது தீர்ந்துபோய்விட்டால், பொதுவான நிர்வாக ஒதுக்கீட்டிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ள முடியாது.

மூன்றாம் படி: யாருக்காகச் செய்கிறீர்கள்?

இந்தப் படியில் அவசரம் கூடாது. 6303ஆம் பிரிவுக்கும் 6305ஆம் பிரிவுக்கும் இடையிலான கோடு, ‘முதன்மை நோக்கம்’ என்ற ஒரே கருத்தில் நிற்கிறது. அரசின் நேரடிப் பயனுக்காக ஒரு பொருளையோ சேவையையோ பெறுவது முதன்மை நோக்கமானால் கொள்முதல் ஒப்பந்தம்தான் செய்ய வேண்டும். சட்டம் அனுமதித்த ஒரு பொது நோக்கத்தை ஆதரிக்கவோ ஊக்குவிக்கவோ, பெறுநருக்கு மதிப்புள்ள ஒன்றைக் கொடுப்பது முதன்மை நோக்கமானால் மானியமோ ஒத்துழைப்பு ஒப்பந்தமோ செய்யலாம். ஒப்பந்தத் தாளின் தலைப்பில் முகமை என்ன எழுதியிருக்கிறது என்பது இந்தக் கோட்டை நகர்த்தாது.

தவளைக்குத் திரும்புவோம். பூங்காவுக்குள் ஒரு புதிய சாலை போட வேண்டியிருக்கிறது. அதற்கான சுற்றுச்சூழல் ஆவணத்தில் சேர்க்க, எந்த ஓடையில் எத்தனை தவளைகள் என்ற பட்டியல் மார்ச் மாதத்துக்குள் வேண்டும் என்பதற்காகப் பல்கலைக்கழகத்தை அணுகினால், பூங்கா தனக்கு வேண்டிய ஒரு சேவையை வாங்குகிறது. பேராசிரியரும் மாணவர்களும் செய்கிறார்கள் என்பதால் அது உதவியாக மாறிவிடாது. தவளைகள் ஏன் குறைகின்றன என்ற கேள்வியைப் பல்கலைக்கழகம் தன் ஆய்வாக எடுத்து, மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முடிவுகளைப் பொதுவில் வெளியிட, அந்த முயற்சிக்குப் பூங்கா துணைநின்றால் அது உதவி. இரண்டாவது நிலையிலும் பூங்காவுக்குப் பயன் கிடைக்கத்தான் செய்யும். அந்தப் பயன் முதன்மையா, உடன்விளைவா என்பதே கேள்வி. ஐயம் இருந்தால் கோப்பில் அதை ஒளிக்காமல் விவாதித்து எழுதிவைப்பது நல்லது என்பது என் கருத்து. மூன்றாண்டுகள் கழித்து வரும் தணிக்கையாளர் படிக்கப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.

நீதிமன்றங்கள் இந்தக் கோட்டை எங்கே வரைகின்றன என்பதை இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற மேம்பாட்டுத் துறை, ‘8ஆம் பிரிவு’ வாடகை உதவித் திட்டத்தில் வீட்டு உரிமையாளர்களுக்குத் தான் தர வேண்டிய தொகையைக் கணக்கிடுவது, கட்டடங்களை ஆய்வது, பணத்தைப் பட்டுவாடா செய்வது போன்ற வேலைகளை மாநில, உள்ளூர் வீட்டுவசதி முகமைகளிடம் ஒப்படைத்திருந்தது. 2012இல் அந்த ஏற்பாட்டுக்கு ‘ஒத்துழைப்பு ஒப்பந்தம்’ என்று பெயரிட்டு விண்ணப்பம் கோரியது. விண்ணப்பிக்க விரும்பியவர்கள் சிலர் ஜி.ஏ.ஓ.வில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இது கொள்முதல்தான் என்று ஜி.ஏ.ஓ. சொன்னது; துறை அதை ஏற்காமல் முன்னே போனது. கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றம் துறையின் பக்கம் நின்றது. ஆனால் 2014 மார்ச்சில் கூட்டாட்சிச் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. அந்த வீட்டுவசதி முகமைகளின் கை வழியே பெரும் பணம் போனாலும் அது உரிமையாளர்களுக்குச் சேர வேண்டிய பணம். முகமைகளுக்குக் கிடைத்தது வேலைக்கான கட்டணம் மட்டுமே. துறை தன் வேலையைச் செய்ய ஆள் அமர்த்தியிருக்கிறது என்பதே அந்த நீதிமன்றத்தின் பார்வை. நடுவில் ஒருவரை வைத்து மூன்றாம் தரப்புக்கு உதவி போய்ச்சேரும் திட்டங்கள் அனைத்துக்கும் இது எச்சரிக்கை: உதவி பெறுபவர் யார், கூலி பெறுபவர் யார் என்று பிரித்துப் பாருங்கள்.

மற்றொரு வழக்கு வயல்வெளியில் நிகழ்ந்தது. வடமேற்கே உமட்டில்லா, மெக்நேரி ஆகிய தேசிய வனவிலங்குப் புகலிடங்களில், அரசு நிலத்தில் பயிரிட விவசாயிகளை மீன் மற்றும் வனவிலங்குச் சேவை அனுமதித்துவந்தது. விளைச்சலின் பெரும்பகுதி விவசாயிக்கு. ஒரு பங்கை அறுக்காமல் பறவைகளுக்கு விட்டுவிட வேண்டும். வாய்ப்புக் கிடைக்காத ஒரு விவசாயி, இது பறவைத் தீவனத்தை வாங்கும் கொள்முதல்தான், ஆகவே கொள்முதல் விதிகளின்படி போட்டி நடத்தியிருக்க வேண்டும் என்று வழக்குத் தொடுத்து, கீழ் நீதிமன்றத்தில் வென்றார். 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நிலத்தில் பயிரிடும் உரிமை என்ற மதிப்புள்ள ஒன்று விவசாயிக்குப் போகிறது; வனவிலங்குப் பாதுகாப்பு என்ற பொது நோக்கம் அதனால் நிறைவேறுகிறது; எனவே ஒத்துழைப்பு ஒப்பந்தம் என முகமை கருதியது ஏற்கத்தக்கது என்றது. மதிப்புள்ள ஒன்று என்பது பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்ற பாடமும் இதில் அடங்கியிருக்கிறது.

பொதுவாக மானியம், ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஆகியவற்றைப் பற்றிய எதிர்ப்பு மனுக்களை ஜி.ஏ.ஓ. விசாரிப்பதில்லை. முகமை தவறான வடிவத்தைப் பயன்படுத்திக் கொள்முதல் விதிகளைச் சுற்றிக்கொண்டு போகிறது என்ற குற்றச்சாட்டை மட்டும் விசாரிக்கும். கதவு மூடியிருக்கிறது என்று நம்பித் துணிபவர்கள் இந்தச் சன்னலைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: கணிசமான ஈடுபாடு உண்டா?

உதவிதான் என்று உறுதியானபின், மானியமா ஒத்துழைப்பு ஒப்பந்தமா என்பதை முகமையின் ஈடுபாடு தீர்மானிக்கும். அறிக்கைகளைப் படிப்பது, ஆண்டுக்கு ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது, கணக்கைத் தணிக்கை செய்வது ஆகியவை எல்லா மானியங்களிலும் உள்ள வழக்கமான மேற்பார்வை, இவை ஈடுபாடாகா. மேலாண்மை மற்றும் வரவுசெலவு அலுவலகம் 1978இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தரும் எடுத்துக்காட்டுகள் இன்றும் பயன்படுகின்றன. ஒரு கட்டம் முடிந்து முகமை ஒப்புதல் அளித்த பிறகே அடுத்த கட்டம் தொடங்குவது, குறிப்பிட்ட நிலையை எட்டாவிட்டால் பணியை உடனே நிறுத்தும் உரிமை, முக்கியப் பணியாளர் தேர்வில் பங்கேற்பு, முகமையின் ஆட்கள் பெறுநரோடு சேர்ந்து வேலை செய்வது போன்றவை அவற்றுள் சில. பூங்காவின் உயிரியலாளர் மாதிரி எடுக்கும் முறையைப் பேராசிரியரோடு சேர்ந்து வகுத்து, களத்திலும் இறங்கினால் அது ஒத்துழைப்பு ஒப்பந்தம். தேசிய அறிவியல் அறக்கட்டளை, ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ ஆய்வகத்தை இயக்குவதற்குக் கால்டெக்குக்கு ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியாகவே நிதி அளிக்கிறது. அத்தனை பெரிய நிலையத்தை வெறும் மானியமாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்க முடியாது.

ஈடுபாடு எவ்வகையானது என்பதை அறிவிப்பிலும் ஒப்பந்தத்திலும் தெளிவாக எழுத வேண்டும். ‘முகமை கணிசமாக ஈடுபடும்’ என்று ஒற்றை வரி எழுதினால் போதாது. அளவுக்கு மீறிப்போவதும் ஆபத்து: பெறுநரின் நாளாந்த வேலையை முகமையே ஏவி, விளைபொருளைத் தானே எடுத்துக்கொண்டால், மூன்றாம் படியில் தப்பிய கொள்முதல் கேள்வி பின்வாசல் வழியே திரும்பி வரும்.

ஐந்தாம் படி: அளவும் ஆண்டும்

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளக்காமல் போட்டால் அது குற்றம். ஒதுக்கீட்டை மிஞ்சியோ, ஒதுக்கீடு வருமுன்னரோ நிதிக் கடப்பாடு ஏற்பதை, அதாவது பணம் தருவதாகச் சட்டப்படி கட்டுப்படுவதை, பற்றாக்குறைத் தடுப்புச் சட்டம் தடுக்கிறது. அறிந்தே வேண்டுமென்று மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 1350ஆம் பிரிவு. மீறல் நடந்தால் முகமைத் தலைவர் குடியரசுத் தலைவருக்கும் காங்கிரஸுக்கும் அறிக்கை அனுப்ப வேண்டும். இந்தச் சட்டத்தில் புதியவர்கள் அறியாமல் சிக்கும் இடம், ‘இழப்பு நேர்ந்தால் முழுவதையும் ஈடுசெய்வோம்’ என்ற வாசகம். பல்கலைக்கழக வழக்குரைஞர்கள் தங்கள் வழக்கமான படிவத்தில் இருக்கும் அந்தப் பத்தியை இயல்பாகவே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுவார்கள். எல்லையில்லாத அந்த வாக்குறுதியை, சட்டத்தின் தனி அனுமதி இல்லாமல் கூட்டாட்சி முகமை தர முடியாது. அதைக் கண்டவுடன் நீக்கச் சொல்லுங்கள்.

ஆண்டைப் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. கூட்டாட்சி நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்கிச் செப்டம்பர் 30இல் முடிகிறது. ஓராண்டுக்கென ஒதுக்கிய பணத்தை அந்த ஆண்டின் உண்மையான தேவைக்கே கடப்பாடாக்க வேண்டும் என்பது 1502ஆம் பிரிவிலிருந்து எழும் விதி. சேவைகளை வாங்கும் கொள்முதலில், தொடர்ந்து நடக்கும் வேலையை எத்தனை மாதத்துக்கு ஒப்பந்தமாக்கலாம் என்ற கேள்வி இதனால் எழும். உதவியில் நிலைமை வேறு. உதவி வழங்குவதே முகமையின் தேவை என்பதால், ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே அந்தத் தேவை நிறைவேறிவிடுகிறது. எனவே ஓராண்டுப் பணத்தைக் கொண்டு பெறுநர் பல ஆண்டுகளுக்குப் பணி செய்வதற்குத் தடையில்லை என்பது ஜி.ஏ.ஓ. 2002இல் அளித்த முடிவு. காங்கிரஸ் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் மட்டுமே மாறும்.

ஆனால் ஒரு கடிகாரம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். 2025 நிதியாண்டின் ஓராண்டுப் பணத்தில் புதிய கடப்பாடு ஏற்பது 2025 செப்டம்பர் 30 வரைதான். அந்த நாளுக்குள் ஏற்ற கடப்பாட்டுக்கான பணத்தை அதன்பின் ஐந்தாண்டுகள் வரை பட்டுவாடா செய்யலாம். 2030 செப்டம்பர் 30இல் கணக்கு மூடப்பட்டு, மிச்சம் ரத்தாகும். ஆறாண்டுப் பணியை ஓராண்டுப் பணத்தில் கட்டிவைத்தால் கடைசி ஆண்டின் ரசீதுகளுக்குக் கொடுக்க அந்தக் கணக்கில் எதுவும் இராது. செப்டம்பர் கடைசி வாரத்தில் கையெழுத்துக்கு ஓடும் எல்லாரும் இதை யோசித்துவிட்டு ஓடுவது நல்லது.

கடப்பாடு எப்போது பிறக்கிறது என்பதும் முக்கியம். அதிகாரம் பெற்ற மானிய அலுவலர், திட்டவட்டமான நிபந்தனைகளோடு, எழுத்தில் கையெழுத்திட்டால்தான் அது கடப்பாடு. தொலைபேசியில் பூங்கா உயிரியலாளர் ‘பணம் உறுதி, ஆட்களை எடுங்கள்’ என்று சொன்னது கடப்பாடு ஆகாது. பல்கலைக்கழகம் அதை நம்பிச் செலவிட்டால் அது பல்கலைக்கழகத்தின் துணிச்சல்.

ஆறாம் படி: அறிவிப்பும் தேர்வும்

விதிகள் இங்கிருந்து கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பின் 2ஆம் தலைப்பு, 200ஆம் பகுதியில் இருக்கின்றன. ‘சீரான வழிகாட்டுதல்’ எனப்படும் இது 2013 டிசம்பரில் வெளியாகி, 2024இல் பெரிதும் திருத்தப்பட்டது. நிதி வாய்ப்பை கிராண்ட்ஸ்.கவ் தளத்தில் அறிவித்து, பொதுவாக 60 நாள்கள் விண்ணப்பத்துக்குத் திறந்துவைக்க வேண்டும். தனிக் காரணம் இல்லாமல் 30 நாள்களுக்குக் குறைக்கக் கூடாது. தகுதி அடிப்படையில் மதிப்பிட்டு, பெறுநரின் நிதி நிலை, கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றையும் ஆராய வேண்டும். போட்டியில்லாமல் ஒருவரையே தேர்ந்தெடுப்பதற்கு முகமைகளின் உள்விதிகள் சில காரணங்களை ஏற்கின்றன. ‘அவரோடு வேலை செய்து பழகிவிட்டோம்’ என்பது அவற்றுள் ஒன்றன்று.

விண்ணப்பிப்பவர் சாம்.கவ் என்ற அரசுப் பதிவுத் தளத்தில் முன்பே பதிந்திருக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் தனியார் நிறுவனம் ஒன்று தந்துவந்த பழைய டன்ஸ் எண்ணுக்குப் பதிலாக அத்தளமே ஒரு தனி அடையாள எண்ணைத் தருகிறது. இந்தப் பதிவுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அறிவிப்பு வரும்வரை காத்திராதீர்கள். தேசியப் பூங்காச் சேவை போன்ற முகமைகளுக்குப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்த 17 ‘ஒத்துழைப்புச் சூழலமைப்பு ஆய்வு அலகுகள்’ இருக்கின்றன. அவற்றில் உறுப்பினராக உள்ள பல்கலைக்கழகம் மறைமுகச் செலவுக்கு, அதாவது கட்டடம், மின்சாரம், அலுவலகம் போன்ற பொதுச் செலவுக்கு, 17.5 விழுக்காடு மட்டுமே கேட்க ஒப்புக்கொண்டிருக்கிறது. வழக்கமான பல்கலைக்கழக விகிதம் இதைவிட மிக அதிகம் என்பதால் தவளை ஆய்வுக்கு இது பொருத்தமான பாதை. என்றாலும் மூன்றாம் படியின் கேள்வியை இந்த வலையமைப்பு தவிர்த்துத் தராது.

ஏழாம் படி: செலவு செய்யும்போது

கொள்முதலில் முன்பணம் கொடுப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. உதவியில் அந்தத் தடை இல்லை, முன்பணம் பெறலாம். ஆனால் கையில் வந்த பணத்துக்கும் செலவான நாளுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவாக இருக்க வேண்டும். முன்பணத்தின்மேல் வட்டி வந்தால் ஆண்டுக்கு 500 டாலர் வரை நிர்வாகச் செலவுக்கு வைத்துக்கொண்டு மீதியை அரசுக்குத் திருப்பிவிட வேண்டும்.

ஒவ்வொரு செலவும் தேவையானதாகவும், நியாயமான அளவிலும், இந்தத் திட்டத்துக்கு உரியதாகவும், ஆவணச் சான்றோடும் இருக்க வேண்டும். வெளிப்படையான அனுமதி இல்லாமல் பெறுநர் லாபம் வைத்துக்கொள்ளக் கூடாது. உடன்பட்ட மறைமுகச் செலவு விகிதம் இல்லாத சிறிய அமைப்புகள் 2024 திருத்தத்தின்படி 15 விழுக்காடு வரை எடுத்துக்கொள்ளலாம். முன்பு அது 10 ஆக இருந்தது. பணியின் ஒரு பகுதியை வேறொருவரிடம் கொடுத்தால், அவர் துணைப் பெறுநரா, வெறும் விற்பனையாளரா என்று பிரித்தறிந்து எழுத வேண்டும். இங்கும் பெயரைக் கொண்டு முடிவு செய்ய முடியாது: திட்டத்தின் ஒரு கூற்றைத் தாமே முடிவெடுத்து நடத்துபவர் துணைப் பெறுநர், வலையும் வாளியும் விற்பவர் விற்பனையாளர்.

பணியின் எல்லையை மாற்றுவதற்கும், முதன்மை ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்தாலோ தம் நேரத்தில் 25 விழுக்காட்டைக் குறைத்துக்கொண்டாலோ, அதற்கும் முன் அனுமதி வேண்டும். எல்லைக்குள் நடக்கும் மாற்றத்துக்குப் பழைய ஆண்டின் பணம் செல்லும். தவளை ஆய்வோடு மான் கணக்கெடுப்பையும் சேர்த்தால் அது புதிய கடப்பாடு. அதைச் சேர்க்கும் ஆண்டின் பணம்தான் வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைத் திட்ட அலுவலர்கள் கேட்டுச் சலித்துக்கொள்வதும், நிதி அலுவலர்கள் சொல்லிச் சலித்துக்கொள்வதும் எல்லா முகமைகளிலும் நடக்கும்.

எட்டாம் படி: நிறுத்தமும் முடிப்பும்

பெறுநர் நிபந்தனைகளை மீறினால் பணத்தை நிறுத்திவைக்கலாம், செலவை ஏற்க மறுக்கலாம், ஒப்பந்தத்தையே முடிக்கலாம். அதைத் தவிர, ஒப்பந்த நிபந்தனைகள் அனுமதிக்கும் அளவில், ‘திட்ட இலக்குகளையோ முகமையின் முன்னுரிமைகளையோ இனி நிறைவேற்றவில்லை’ என்ற காரணத்துக்கும் 200.340ஆம் விதி இடம் தருகிறது. 2025இல் பல முகமைகள் இந்த வாசகத்தைக் கொண்டு ஏராளமான நிதியுதவிகளை முடித்ததால் வழக்குகள் பெருகின. அவற்றுள் ஒன்றில், பணத்தைக் கொடுக்கச் சொல்லும் கோரிக்கைக்கு உரிய இடம் கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றமாகவே இருக்கக்கூடும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணையில் குறிப்பிட்டது. பெறுநர் பக்கம் இருப்பவர்கள் கையெழுத்திடுமுன் முடிப்பு பற்றிய பத்தியை இரண்டு முறை படிக்க இதுவே போதிய காரணம்.

இயல்பாக முடியும் ஒப்பந்தத்தில், காலம் முடிந்த 120 நாள்களுக்குள் பெறுநர் இறுதிப் பணி அறிக்கையையும் நிதி அறிக்கையையும் கொடுக்க வேண்டும். துணைப் பெறுநருக்கு 90 நாள்கள். கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டிக்க வேண்டுமானால், முன் அனுமதி கேட்கும் நிபந்தனையை முகமை விட்டுக்கொடுத்திருக்கும் நிலையில், ஒருமுறை 12 மாதம் வரை பெறுநரே நீட்டித்துக்கொள்ளலாம். அதை முடிவு நாளுக்குக் குறைந்தது பத்து நாள்கள் முன்பே தெரிவித்துவிட வேண்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலரோ அதற்கு மேலோ கூட்டாட்சிப் பணம் செலவிடும் அமைப்பு ஒருங்கிணைந்த தணிக்கைக்கு உட்படும். 2024 அக்டோபருக்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு இந்த வரம்பு 7,50,000 டாலர். ரசீதுகள், களக் குறிப்பேடுகள், நேரப் பதிவுகள் ஆகியவற்றை இறுதி நிதி அறிக்கை கொடுத்த நாளிலிருந்து மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்குள் தணிக்கையோ வழக்கோ தொடங்கிவிட்டால், அது முடிந்து தீரும்வரை ஒரு தாளையும் அப்புறப்படுத்தக் கூடாது.